சுலோகம் பிடிபட ஒரு வழி

பி.ஏ. தமிழ் முடித்துவிட்டு ஏனாத்தூர் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதம் படிக்கிறேன். சந்தி, வேற்றுமை எல்லாம் தெரிகிறது. காவிய வகுப்பில் மட்டும் ஒரு சுலோகம்கூடப் பிடிபடவில்லை. தாக்குப்பிடிப்பேனா?

- வாசகி, பெரிய காஞ்சிபுரம்

தாராளமாக! உங்களைத் தடுக்கி விடுவது இலக்கணம் அல்ல, சொல் வரிசை. நன்னூலில் கொண்டுகூட்டுப் பொருள்கோள் படித்திருப்பீர்களே, அதே வித்தைதான். முதலில் வினைமுற்றைத் தேடுங்கள். யார், எதை, எதனால், யாருக்கு என்று அதனிடம் கேளுங்கள்; வேற்றுமைகள் தாமாகப் பதில் சொல்லும். பிறகு அடைமொழிகளை உரிய பெயரோடு சேர்த்து, நோட்டில் உரைநடையாக எழுதுங்கள். மல்லிநாதர் உரையை அதற்கப்புறம்தான் திறக்க வேண்டும்.

தமிழ் படித்து வருபவர்களை நிஜமாகவே படுத்துவது இருமையும், சொல்லுக்குச் சொல் மாறும் பாலும்தான். மனைவி என்ற ஒரே பொருளில் பார்யா பெண்பால், களத்திரம் அலிப்பால். நாம் தாரம் என்கிறோமே, அது அங்கே ஆண்பால், அதுவும் பன்மை! காரணம் தேடாமல், பாலோடு சேர்த்தே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

பாணினியின் ஏறக்குறைய 4,000 சூத்திரங்களை நினைத்து மலைக்க வேண்டாம். வரதராஜரின் லகு சித்தாந்த கௌமுதி இப்போதைக்குப் போதும்.

அணியிலக்கணத்தில் உங்களுக்குக் கொடுப்பினை அதிகம். காவியாதரிசம் எழுதிய தண்டி, பல்லவர் காலத்துக் காஞ்சிக்காரர். அதைத் தழுவியதுதான் நீங்கள் அறிந்த தண்டியலங்காரம். இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். பாரவியின் கிராதார்ஜுனீயத்தை மட்டும் சற்றுத் தள்ளிவையுங்கள். அதன் 15ஆம் சருக்கத்துச் சொல் விளையாட்டு பண்டிதர்களையே திணறடிக்கும். காளிதாசனின் ரகுவம்சத்தை இன்றே எடுங்கள், தினமும் இரண்டு சுலோகம் போதும்.