கூனுடலும் கோடிய மனமும்

சனங்கள் ஒருவரை மதித்தற்குக் கருவியாவன இரண்டு. ஒன்று அவர் செய்த செயல். மற்றொன்று அவரைக் காணுமுன்னரே சனங்கள் மனத்தில் வார்க்கப்பட்டுக் கிடக்கும் உரு. வள்ளல், வஞ்சகன், கொடிய மாற்றாந்தாய் என்றிவ்வாறு கதைகளின் வாயிலாகத் தலைமுறை தலைமுறையாக வந்த உருக்களை ஈண்டு மூலவுரு என வழங்குவாம். செயலை ஆராய்தற்குக் காலமும் முயற்சியும் வேண்டும். மூலவுருவோ கணப்பொழுதிலே தீர்ப்புச் சொல்லிவிடும். அதன் வலியை இங்கிலாந்து தேசத்துச் சரித்திரமொன்றில் வைத்து விளக்குவாம்.

மூன்றாம் றிச்சாட் என்னும் அரசன் 1483 முதல் 1485 வரை ஆண்டு, பொஸ்வேர்த் போர்க்களத்திலே தன் முப்பத்திரண்டாம் வயதில் மாண்டான். வென்ற ஏழாம் ஹென்றி முடிசூடினான். றிச்சாட் அரசிருந்த காலத்து அவனைப் புகழ்ந்தெழுதிய ஜோன் றவுஸ் என்னும் குரு, அவன் இறந்தபின், ஈராண்டு தாய்வயிற்றிற் கிடந்து, பல்லோடும் தோள்வரை நீண்ட மயிரோடும் பிறந்தவனென்று எழுதினார். பின்வந்தோர் கூனும் சூம்பிய கையும் கூட்டினர். ஏழாம் ஹென்றியின் பேர்த்தியாகிய எலிசபெத்து அரசாண்ட காலத்திலே ஷேக்ஸ்பியர் இவற்றையெல்லாம் திரட்டி நாடகமாக்கினார். அந்நாடகமே உலகத்தார்க்குச் சரித்திரமாயிற்று.

ஆராயாது சனங்கள் இதனை நம்பியது என்னை? உடல் கோடினவன் மனமுங் கோடினவன் என்னும் மூலவுரு அவர்களிடத்தே முன்னரே இருந்தமையால் என்க. புலவர் புதிதாக ஒன்றை நாட்டவில்லை. இருந்த அச்சிலே ஒருவனை வார்த்தார். பிணைநிறுத்தி விடுதலை பெறும் முறையைத் திருத்தியும், அரசர் குடிகளிடத்துக் கட்டாயமாக வாங்கிய கொடைப்பணத்தை விலக்கியும் றிச்சாட் காலத்துப் பாராளுமன்றம் 1484இல் இயற்றிய சட்டங்களை அறிந்தார் சிலர். கூனை அறியாதார் இலர்.

2012ஆம் ஆண்டிலே லெஸ்டர் நகரத்தில், வாகனத் தரிப்பிடமொன்றன் கீழே, பழைய மடாலயமிருந்த நிலத்தை அகழ்ந்தோர் ஓர் எலும்புக்கூட்டைக் கண்டனர். தாய்வழி மரபணுச் சோதனை முதலியவற்றால் அது றிச்சாட்டினதே என 2013இல் அறிவித்தனர். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. அவ்வளைவு பிறவியில் வந்ததன்று. வளரும் பருவத்தில் உண்டானது. ஒரு தோள் சற்று உயர்ந்து தோன்றியிருக்கும். தக்க உடையால் அதனை மறைத்தலுங் கூடும். முன்வளைந்த கூனுமில்லை, சூம்பிய கையுமில்லை. அவ்வெலும்புகள் 2015இல் அந்நகரத்துப் பேராலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டன.

இதுகொண்டு அவன் நிரபராதி என்றல் பொருந்தாது. தமையன் மைந்தர் இருவர் 1483இல் இலண்டன் கோட்டையிலிருந்து காணாமற் போயினர். அப்பழியை எலும்பு தீர்க்கமாட்டாது. கெட்டவனென்னும் உருவை அழித்து நல்லவனென்னும் உருவை அவ்விடத்தில் நாட்டுதலும் ஆராயாமையேயாம். செயலுக்குச் சான்று தேடுக. உடலைச் சான்றாகக் கொள்ளற்க.

உபாத்தியாயர்களே, இவ்வச்சு மேல்நாட்டார்க்கே உரியதன்று. இராமாயணத்து மந்தரையை அவள் பெயராற் சொல்வார் சிலர்; கூனியென்றே சொல்வார் பலர். அவள் செய்த தீமை சூழ்ச்சி, கூன் அன்று. இதற்கு மாறாக, எட்டுக் கோணலுடைய உடம்போடு சனகன் வேள்விச்சாலையிற் புகுந்து, வாதில் வென்ற அட்டாவக்கிர முனிவர் சரிதையும் நம்மவரிடத்து உண்டு. முன்னதைப் படிப்பிக்கும் அன்றே பின்னதையும் படிப்பிக்க.

கதை முடிந்தபின் மாணாக்கரிடத்து மூன்று வினா வினவுக. இவர் செய்ததென்ன? அதனைச் சொன்னவர் யார், அதனால் அவர் பெற்ற பயன் யாது? இச்செயலை அழகிய உருவினர் ஒருவர் செய்திருப்பின் இவ்வாறே இகழ்வோமா? மூன்றாம் வினாவுக்குச் சிறுவர் உடனே விடை கூறார். அவர் சிந்திக்கும்வரை பொறுத்திருக்க.

முதுகு வளையுநோய் பெரும்பாலும் பள்ளிப்பருவத்திலேயே தோன்றுவதாகலின், அந்நோயுடைய பிள்ளை நம் வகுப்பிலும் இருத்தல் கூடும். பாடத்திற் கேட்ட பெயரை விளையாட்டு வெளியில் அப்பிள்ளைமேல் எறிவதற்கு நெடுநேரஞ் செல்லாது. நோயை மாற்றுதல் வைத்தியர் தொழில். அப்பெயர் அப்பிள்ளைமேல் ஒட்டாவண்ணங் காத்தல் நமது தொழில். அத்தொழிலைக் கதை சொல்லும்போதே தொடங்குக.