மூன்று கோடிக்கு அரங்கமா, பயிற்சியாளரா?

அடித்தட்டு விளையாட்டுக்கு அரசு இன்னும் பணம் தரவேண்டுமா என்றால், கட்டாயம் தரவேண்டும். அது எந்த வடிவில் ஊருக்குள் வருகிறது என்பதைப் பொறுத்தே பலன் அமையும். தமிழ்நாட்டில் இப்போது அரங்கம், உபகரணம், பரிசுத்தொகை, பயிற்சியாளர் என நான்கு வழிகளில் வருகிறது. கிராமசபையில் எழுந்து நின்று கேட்கப்போகும் இளைஞர் மன்றத்தாருக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் என் கணிப்பு இது.

தொகுதிக்கு ஒன்றாக அறிவிக்கப்பட்ட முதலமைச்சர் சிறு விளையாட்டரங்கத்தின் மதிப்பீடு 3 கோடி ரூபாய். கேட்பதற்கு முன் இரண்டைப் பாருங்கள். அங்கே பயிற்சி முடித்துக் கிளம்பும் பெண்பிள்ளைக்கு ஊர் திரும்பப் பேருந்து இருக்கிறதா? திறப்பு விழா முடிந்த பிறகு காவலாளுக்கும் புல் வெட்டுவதற்கும் மின்கட்டணத்துக்கும் யார் பணம் கொடுப்பார்கள்? இவற்றுக்குப் பதில் இல்லாத அரங்கம் சில ஆண்டுகளில் நெல் காயப்போடும் களமாகிவிடும்.

கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பில் 33 வகைப் பொருள்கள் உண்டு. நல்ல திட்டம். அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பரிசுத்தொகையை நான் குறை சொல்லமாட்டேன். ஒலிம்பிக் தங்கத்துக்கு மாநில அரசு அறிவித்த 3 கோடி, வென்றவரின் உழைப்புக்கு உரிய மரியாதை. ஆனால் அது ஓடி முடித்தவருக்குப் போய்ச் சேரும் பணம். இன்னும் ஓடத் தொடங்காத பிள்ளைக்கு அதில் பங்கில்லை.

இனி பயிற்சியாளர். கேலோ இந்தியா மையங்களில் பயிற்சியாளருக்கு மாதம் 25,000 ரூபாய் என்ற அளவில் தொகுப்பூதியம் தரப்படுகிறது. ஆண்டுக்கு 3 லட்சம். ஆக, ஓர் அரங்கத்தின் விலைக்குப் பத்து ஊர்களில் பத்து ஆண்டுகள் பயிற்சியாளர் இருக்கலாம். அந்தப் பத்தாண்டில்தான் ஆறாம் வகுப்புப் பிள்ளை வளர்ந்து மாநிலப் போட்டிக்குப் போகிறது. எந்தப் பிள்ளைக்கு மூட்டு வலிக்கிறது, எந்த வீட்டில் மகளை அனுப்பத் தயங்குகிறார்கள், யார் சாப்பிடாமல் வருகிறார்கள் என்பதெல்லாம் தினமும் களத்தில் நிற்பவருக்கே தெரியும். 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அந்தக் குடியிருப்பில் பெரிய அரங்கம் எதுவும் முதலில் வரவில்லை. பிள்ளைகளோடு ஆண்டுக்கணக்கில் நின்ற பயிற்சியாளர் இருந்தார்.

எல்லா ஆட்டத்துக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. கபடி, கைப்பந்து, ஓட்டம் ஆகியவற்றுக்கு மண் தரை போதும். ஹாக்கி அப்படியல்ல. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்தரை வந்தபிறகு, மண்ணில் மட்டும் பழகியவர்கள் மேலே ஏறுவது கடினமாகிவிட்டது. கோவில்பட்டி மாதிரி, தலைமுறைகளாக ஹாக்கி ஆடும் ஊர் புல்தரை கேட்டால் அது நியாயமான கேட்பு. ஆடும் பழக்கம் அங்கே முன்பே இருந்தது, தரை பிறகு வந்தது. நீச்சலுக்கும் குளம் இல்லாமல் முடியாது.

களம், பயிற்சியாளர் இரண்டையும் சேர்த்துச் செய்த நாடு ஐஸ்லாந்து. அப்போது மூன்றரை லட்சம் பேர்கூட இல்லாத அந்த நாடு 2016 யூரோ கால்பந்தில் இங்கிலாந்தை வீழ்த்திக் காலிறுதிக்குப் போனது. பள்ளிகளை ஒட்டியே சிறு ஆடுகளங்கள் அமைத்தார்கள். சின்னஞ்சிறுவர்களுக்கும் தகுதிபெற்ற, ஊதியம் வாங்கும் பயிற்சியாளர்களை நியமித்தார்கள்.

உங்கள் ஊரில் அரசு நடுநிலைப்பள்ளி இருக்கிறதா? அங்கிருந்தே தொடங்குங்கள். 2012-ல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களில் உடற்கல்வி ஆசிரியர்களும் உண்டு. அவர்களுக்கு வாரத்தில் மூன்று அரை நாள்தான் வேலை. அவர்களை முழுநேரமாக்கி, மாலை ஆறரை வரை பள்ளி மைதானத்தைத் திறந்துவைக்க வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். பிள்ளைகள் எழுபது, எண்பது என்று வரத் தொடங்கி இடம் போதாமல் போகும்போது, வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரங்கம் கேளுங்கள்.