தீக்கனாவும் முன்னறிவும்



சிலப்பதிகாரத்தில் கண்ணகி, தான் கண்ட தீக்கனாவைத் தோழி தேவந்தியிடம் கூறுகிறாள். கோவலனும் கனாக் கண்டு மாடலனிடம் கூறுகிறான். ஆயினும் மதுரையில் நடந்ததை அக்கனாக்கள் தடுக்கவில்லை.

எமது கோயிலுக்கு வரும் தாயொருவர், "கனவு கண்டனான் ஐயா, மகனைத் தொழிலுக்கு விடாமல் மறிச்சிருக்கலாம்" என்று இன்றும் அழுவார். அவரை நினைத்தே இதனை எழுதுகிறேன்.

அடியேன் கந்தோரில் இலிகிதராக இருந்தவன். கடிதம் வந்த அன்றே திகதி முத்திரை குத்துவோம். கனவுக்கு அம்முத்திரை இல்லை. பலிக்காத கனவுகளை விடிந்ததும் மறந்துவிடுகிறோம். துன்பம் வந்தபின் ஒன்றைத் தேடியெடுத்து, "முன்பே தெரியும்" என்கிறோம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்து மன்னாரையும் தாக்கிய புயலுக்கு முதல்நாள் நாய் ஊளையிட்டதாம். எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். நாய் ஊளையிடாத இரவு எது?

சுமாத்திராவுக்கு அருகே சிமெலுவே என்றொரு தீவு உண்டு. 1907 இல் அங்கு கடல்கோள் வந்து பலர் மாண்டனர். தப்பியோர், "நிலம் பலமாக அதிர்ந்து கடல் வற்றினால் மேட்டுக்கு ஓடு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தனர். அக்கதையை 'ஸ்மொங்' என்பர். 26.12.2004 அன்று அவ்வாறே ஓடினார்கள். ஏறத்தாழ 78,000 பேரில் இறந்தோர் ஏழு பேர் மட்டுமே. இலங்கைக் கரைகள் சிலவற்றிலோ, வற்றிய கடலைப் பார்க்க இறங்கியவர்கள் அடுத்த அலையில் அகப்பட்டனர்.

அந்தத் தாயின் கனவு எங்கே, எப்போது, என்ன செய் என்று எதையும் சொல்லவில்லை. அவர் மீது பிழையில்லை.