நிரல் கற்க முதலில் தமிழில் படியுங்கள்

பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் படிக்கப் போகிறவர்கள் கையிலுள்ள போனிலேயே நிரலாக்கம் பற்றி வாசிக்கலாம். 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழும், மைஎஸ்கியூஎல், ஹெச்டிஎம்எல் பற்றி து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில்’ நூல்களும் இலவசம். வேலைக்கு இங்கிலீஷ்தானே வேண்டும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் பைதான் நிரல்மொழியின் ஆங்கிலக் குறிச்சொற்கள் வெறும் 35. தடுமாற வைப்பது சொல் அல்ல, கருத்து. அதைத் தமிழில் பிடித்துக்கொண்டால் ஆங்கிலக் கையேடு பிறகு மிரட்டாது.

வாசித்ததை அன்றே தட்டிப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் நாவல் படித்த கதைதான். பைதானில் 0.1 + 0.2 என்று கொடுங்கள், 0.3 வராது, 0.30000000000000004 என்று வரும். நம் தசமத்தில் 1/3 அடங்காததுபோல, கணினியின் இரும எண்ணில் 0.1 முழுதாக அடங்காது. கடைக் கணக்கு நிரலில் ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணில் வைக்கச் சொல்வது இதனால்தான். பத்துப் பக்கம் புரட்டுவதைவிட, இப்படி ஒரு விடையைக் கண்டு காரணம் தேடிப் படிப்பது மனதில் நிற்கும். லேப்டாப் இல்லையே என்றால், ஆண்ட்ராய்டு போனில் பைதானை இயக்கப் பைட்ராய்டு செயலி இருக்கிறது. சின்னத் திரையில் அடைப்புக்குறி தேடுவதுதான் எரிச்சல்.