கெர்னலுக்குப் பேட்ச் அனுப்பும் ஆய்வாளருக்கு

லினக்ஸ் கெர்னலில் ஒரு பக் கண்டுபிடித்தேன் என்று கட்டுரை எழுதுவது ஒப்பீட்டளவில் சுலபம். அதைச் சரிசெய்யும் பத்து வரியை கெர்னலுக்குள் சேர்ப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிடும். என் ஆய்வு நிரல் பகுப்பாய்வு சார்ந்தது. கெர்னலை ஓட்டாமலே, நிரலை மட்டும் படித்துப் பிழை தேடும் கருவிகளை எழுதுகிறோம். அந்தக் கருவிகள் காட்டிய பிழைகளுக்கான பேட்ச்கள் எங்கள் ஆய்வகத்திலிருந்து பல ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருக்கின்றன. புதிதாகச் சேரும் ஆய்வு மாணவர்களிடம் ஒவ்வொரு முறையும் வாய்வழியாகச் சொல்வதை இப்போது எழுத்தில் வைக்கிறேன்.

"பேப்பர்தான் அக்செப்ட் ஆயிடுச்சே சார், இனிமே பேட்ச் எதுக்கு?" என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நம் பல்கலைக்கழகங்கள் எண்ணுவது கட்டுரையை. கெர்னலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. ஆனால் கெர்னலில் இல்லாத ஒரு பக்கையும் கட்டுரையில் இருப்பதாக எழுதிவிட முடியும். கெர்னலின் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மெயின்டெய்னர் ஒப்புக்கொண்ட பக் அப்படியல்ல. உங்கள் கருவியின் தரத்துக்கு அதைவிடக் கறாரான பரீட்சை வேறில்லை.

அந்தப் பரீட்சையின் கேள்வித்தாள் வேறு. மாநாட்டு நடுவர் 'இதில் புதிது என்ன' என்று பார்ப்பார். மெயின்டெய்னர் பார்ப்பது, 'நாளைக்கு இதை யார் பார்த்துக்கொள்வார்' என்பதை. ஆய்வு மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவர் எழுதிய நிரலால் யாருடைய சர்வராவது விழுந்தால் மெயின்டெய்னர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் கேட்கும் எரிச்சலூட்டும் கேள்விகளில் பாதி இந்தக் கவலையிலிருந்து பிறப்பவை.

இத்தாலியின் பீசா நகரில் உள்ள சாந்தான்னா உயர்கல்வி நிறுவனத்து ஆய்வாளர்களின் கதையை மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கெடு வைத்து, கெடு நெருங்கியதை முதலில் ஓட்டும் முறைக்கான கணிதம் 1973-ல் லியூவும் லேலண்டும் எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது. அதை லினக்ஸுக்குள் கொண்டுவரும் பேட்சை பீசா குழு 2009-ல் முதன்முதலாக அனுப்பியது. கெர்னலில் சேர்ந்தது 2014 மார்ச்சில், 3.14 பதிப்பில். ஒரு முனைவர் பட்டக் காலமே அதில் கழிந்துவிட்டது. அவர்களில் ஒருவரான யூரி லெல்லி பிறகு நிறுவன வேலைக்குப் போனார். இருந்தும் அந்த முறையில் இயங்கும் டெட்லைன் ஷெட்யூலருக்குப் பொறுப்பாளராக அவர் பெயர் மெயின்டெய்னர்கள் கோப்பில் இருக்கிறது. 'நாளைக்கு இதை யார் பார்த்துக்கொள்வார்' என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

மாறாக, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் உருவான நோவா கோப்பு முறைமை 2016-ல் நல்ல மாநாட்டில் வெளிவந்தது, பரவலாக மேற்கோள் காட்டப்பட்டது, பேட்சாகவும் அனுப்பப்பட்டது. ஆனால் கெர்னலுக்குள் வரவில்லை. அது குறிவைத்த நிலைநினைவகத்தின் முக்கியத் தயாரிப்பான ஆப்டேனை இன்டெல் 2022-ல் கைவிட்டது. உள்ளே வந்திருந்தால் இன்று அதை யார் பராமரித்துக்கொண்டிருப்பார்? மெயின்டெய்னர்களின் தயக்கத்தைப் பழமைவாதம் என்று திட்டுவதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்து நிலைத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது காக்ஸினெல். ஜூலியா லாலும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய கருவி. ஒரு திருத்தத்தின் வடிவத்தை எழுதிக் கொடுத்தால், கெர்னல் முழுக்க அதே வடிவம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் மாற்றித் தரும். அவர்கள் கட்டுரை வெளியிட்டதோடு நிற்காமல், ஆண்டுக்கணக்கில் தாங்களே பேட்ச் அனுப்பினார்கள், மற்றவர்களின் பேட்ச்களைப் படித்துக் கருத்துச் சொன்னார்கள். 2010 முதல் அதன் விதிகள் கெர்னல் மரத்திலேயே இருக்கின்றன.

இனி கசப்பான கதை. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேறு பெயர்களில் வேண்டுமென்றே குறையுள்ள பேட்ச்களை அனுப்பி, மெயின்டெய்னர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று சோதித்தார்கள். விவகாரம் 2021 ஏப்ரலில் வெடித்தது. மூத்த மெயின்டெய்னர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பேட்ச்களையே ஏற்க வேண்டாம் என்றார். அந்தச் சோதனையைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. லினக்ஸ் அறக்கட்டளையின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு, அங்கிருந்து அதுவரை வந்திருந்த 435 கமிட்களையும் ஒவ்வொன்றாக மறுபரிசீலனை செய்தது. 349 சரியாகவே இருந்தன. 39 தவறானவை, திருத்த வேண்டியவை. மீதியில் பெரும்பாலானவை ஏற்கெனவே திருத்தப்பட்டவை அல்லது பொருத்தம் இழந்தவை. வேறு பெயர்களில் வந்த சதிவேலைப் பேட்ச்களோ மிகச் சிலதான். ஆனால் ஒரு துறை மொத்தத்தின் மீதான நம்பிக்கையும் போய், தன்னார்வலர்கள் பலர் தங்கள் நேரத்தைச் செலவழித்துப் பழைய வேலையைத் தோண்டிப் பார்க்க வேண்டியதாயிற்று.

இதில் ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. அந்த ஆய்வை மனிதர்கள் மீதான ஆய்வாகக் கருத வேண்டியதில்லை என்று பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு கடிதம் கொடுத்திருந்தது. ஆகவே குழுவின் கடிதம் கையில் இருக்கிறதே என்று தைரியம் கொள்ளாதீர்கள். பேட்சைப் படிப்பவர் ஒரு மனிதர். அவரைச் சோதிப்பதென்றால் அவரிடமே முன்கூட்டிச் சம்மதம் கேட்க வேண்டும். கெர்னல் ஆவணங்களில் ஆய்வாளர்களுக்கென்றே 2022-ல் சேர்க்கப்பட்ட வழிகாட்டி இதைத் தெளிவாகச் சொல்கிறது. பொதுவெளியில் இருக்கும் கமிட்களையும் விவாதங்களையும் எடுத்து ஆராய்வதற்குத் தடையேதும் இல்லை. முதல் பேட்சுக்கு முன் அந்த ஆவணத்தை முழுக்கப் படியுங்கள், சின்னதுதான்.

அந்த வழிகாட்டி கேட்கும் விவரங்கள்தான் நல்ல கமிட் செய்தியின் எலும்புக்கூடு. பிழை என்ன, ஓடும் கணினியில் அந்த இடத்தை எப்படி எட்டலாம், எட்டினால் என்ன கெடும், எந்தக் கருவியால் கண்டுபிடித்தீர்கள், எப்படிச் சோதித்தீர்கள். 'நினைவகக் கசிவைச் சரிசெய்கிறது' என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினால் திரும்பி வரும். எந்த அழைப்பு தோற்றால், எந்த வரியிலிருந்து திரும்பும்போது, எது விடுவிக்கப்படாமல் போகிறது என்று எழுதுங்கள். பிழையைக் கொண்டுவந்த பழைய கமிட்டைத் தேடிப்பிடித்து, அதன் அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளோடு 'ஃபிக்சஸ்' வரியைச் சேருங்கள். அந்தச் சாதனம் உங்களிடம் இல்லையா? கம்பைல் மட்டும் செய்து பார்த்தேன் என்று எழுதிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சோதித்ததுபோல் பாவனை செய்தால்தான் வினை.

கருவி சொன்னதையெல்லாம் பேட்சாக மாற்றும் ஆசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கெர்னலில் 'பிஎம் ரன்டைம் கெட் சிங்க்' என்றொரு அழைப்பு உண்டு. தூங்கும் சாதனத்தை எழுப்பி, அதன் பயன்பாட்டு எண்ணிக்கையை ஒன்று கூட்டும். எழுப்ப முடியாமல் தோற்றாலும் எண்ணிக்கை கூடியது கூடியதுதான். தோற்றதும் அழைத்தவர் அப்படியே திரும்பிவிட்டால், எண்ணிக்கை இறங்காது; கணக்குப்படி சாதனம் எப்போதும் பயன்பாட்டிலேயே இருக்கும், அதைத் தூங்கவைக்க முடியாது. எங்களுடையது போன்ற கருவிக்கு இது திருவிழா. டிரைவருக்கு டிரைவர் இதே பிழை. 2020-ல் ஆய்வகங்களிலிருந்து இதற்கான பேட்ச்கள் மழையாகப் பொழிந்தன. மெயின்டெய்னர்கள் அலுத்துக்கொண்டார்கள். இத்தனை பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால் வழியில்தானே கோளாறு? அந்த ஆண்டு இறுதியில் வந்த 5.10 பதிப்பில் 'பிஎம் ரன்டைம் ரெஸ்யூம் அண்ட் கெட்' என்ற புதிய அழைப்பு சேர்ந்தது. தோற்றால் எண்ணிக்கையை அதுவே இறக்கிவிடும். ஒரே வகைப் பிழை பத்திருபது இடத்தில் கிடைத்தால், முதலில் ஒன்றிரண்டை மட்டும் அனுப்புங்கள். 'இது பிழைதானா, இப்படித்தான் திருத்த வேண்டுமா' என்று மெயின்டெய்னரிடம் கேளுங்கள். சில சமயம் அவர் இன்னும் நல்ல இடத்தைக் காட்டுவார். அந்த உரையாடலே அடுத்த கட்டுரைக்கான கரு.

பெரிய வேலை என்றால், கட்டுரைக்காக எழுதிய பத்தாயிரம் வரியை ஒரே பொதியாக அனுப்பாதீர்கள், யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். சிறுசிறு பேட்ச்களாக உடையுங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் கெர்னல் கம்பைல் ஆகி பூட் ஆக வேண்டும். பின்னால் யாராவது பிழையைத் தேடிப் பாதிப்பாதியாகப் பின்னோக்கிப் போகும்போது உங்கள் பேட்சில் சிக்கிக்கொள்ளக் கூடாது. அளவீடுகளை இன்றைய மரத்தில் எடுங்கள். ஆய்வு தொடங்கிய காலத்துப் பழைய கெர்னலில் கிடைத்த வேகத்தை யாரும் மதிப்பதில்லை. உங்கள் முறை மெதுவாகும் சந்தர்ப்பத்தையும் நீங்களே காட்டிவிடுங்கள். எப்படியும் அவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

காலக்கணக்கும் முக்கியம். கெர்னல் சுமார் 9 அல்லது 10 வாரத்துக்கு ஒரு முறை வெளியாகிறது. தொடக்கத்து இரண்டு வாரம் புதியவற்றைச் சேர்க்கும் காலம். மெயின்டெய்னர்கள் தலைக்கு மேல் வேலையோடு இருப்பார்கள், அப்போது புதுப் பேட்ச் அனுப்புவது வீண். உங்கள் மாநாட்டின் கெடு அவர்கள் பிரச்சினை இல்லை. பதில் வரவில்லை என்றால் ஒரு வாரமாவது பொறுத்து நினைவூட்டுங்கள். கருத்து வந்தால் ஒவ்வொன்றுக்கும் அதன் கீழேயே பதில் எழுதுங்கள். அடுத்த பதிப்பில் என்ன மாற்றினீர்கள் என்ற குறிப்பை கமிட் செய்திக்குப் பின் வரும் மூன்று கோடுகளுக்குக் (---) கீழே வையுங்கள். கடுமையான பதில்களும் வரும். பெரும்பாலும் அது நிரலைப் பற்றியது, உங்களைப் பற்றியதல்ல. அப்படியல்லாமல் வந்தால், ஒரு நாள் கழித்துப் பதில் எழுதுங்கள்.

பல்கலைக்கழக மின்னஞ்சல் தனித் தலைவலி. பேட்ச் வெற்று உரையாகப் போக வேண்டும். பல நிறுவனங்களின் சர்வர்கள் டேபை இடைவெளியாக மாற்றிவிடும், அடியில் 'இந்த மடல் ரகசியமானது' என்று சட்டவாசகம் ஒட்டும். ரகசியம் என்று சொல்லும் மடலில் வந்த நிரலைத் திறமூலத் திட்டம் எடுத்துக்கொள்ள முடியாது, மெயின்டெய்னர்கள் எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். கிட் சென்ட்-ஈமெயில் ஓடவில்லை என்றால், பி4 கருவி வழியாக கெர்னல் தளத்தின் சர்வர் மூலமே அனுப்பலாம். முதலில் உங்களுக்கே ஒன்று அனுப்பி, வந்ததைக் கிட்டில் ஏற்றிப் பாருங்கள். இன்னொன்று: 'சைன்டு-ஆஃப்-பை' வரி சடங்கல்ல. 2004 முதல் நடைமுறையில் உள்ள அந்த வரி, இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி. உங்கள் நிறுவனத்தின் அறிவுசார் சொத்து விதி என்ன சொல்கிறது என்று உங்கள் ஆய்வு வழிகாட்டியிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: எழுத்துப்பிழைத் திருத்தத்தில் ஒரு முறை பழகிக்கொள்ளுங்கள், அதிலேயே தங்கிவிடாதீர்கள். கூகுளின் சிஸ்பாட் கண்டுபிடித்த, இன்னும் திருத்தப்படாத பக்குகளின் பட்டியல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. பலவற்றுக்கு, பக்கை மீண்டும் வரவைக்கும் நிரலும் கூடவே உண்டு. அப்படி ஒன்றை எடுங்கள். ஏற்கெனவே யாராவது பேட்ச் அனுப்பியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நீங்கள் எழுதிய திருத்தத்தை சிஸ்பாட்டுக்கு அனுப்பினால் அதுவே ஓட்டிப் பார்த்துப் பதில் சொல்லும். இதற்கு விலையுயர்ந்த ஆய்வகம் தேவையில்லை. கியூஎமு ஓடும் சாதாரண லேப்டாப் போதும், கம்பைல் ஆகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.