குளிர் அறைக்கு ஜெனரேட்டர்: வாங்கும் முன் அக்கா சொல்லும் 7 டிப்ஸ்

சங்கரன்கோவிலில் பூவுக்கும் புளியங்குடி எலுமிச்சைக்கும் குளிர் அறை போடக் கிளம்பியிருக்கும் தம்பி, தங்கச்சிகளே! ஜெனரேட்டரைக் கடைசியில் மிஞ்சும் காசில் வாங்கலாம்னு தள்ளிப்போடாதீங்க. மாதாந்திரப் பராமரிப்புன்னு காலையில் நிறுத்தும் கரண்ட் சாயங்காலம் வரைக்கும் வராத நாளும் உண்டு. உள்ளே இருப்பது ஒரு விவசாயியின் உழைப்பு.

1. கம்ப்ரஸரின் நேம் பிளேட்டைப் பாருங்க. ஈபி பில்லை வைத்து ஜெனரேட்டர் அளவை முடிவு பண்ணக் கூடாது. 10 எச்பி கம்ப்ரஸர், ஃபேன், லைட் எல்லாம் சேர்ந்து 11 கிலோவாட்னு வைங்க. அதை 0.8 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 14 கேவிஏ. இது ஓடும்போது இழுக்கும் கணக்கு மட்டும்தான்.

2. ஸ்டார்ட்டர் எதுன்னு பாருங்க. மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிட 6 மடங்கு வரை கரண்ட் இழுக்கும். நேரடி ஸ்டார்ட்டர் என்றால் மேலே சொன்ன அறைக்கு 25 கேவிஏ பாருங்க. ஸ்டார் டெல்டாவோ சாஃப்ட் ஸ்டார்ட்டரோ இருந்தால் 20 போதும். உங்க கம்ப்ரஸருக்கு எது ஒத்துவரும்னு அதைச் செய்த கம்பெனியிடமே கேளுங்க. இரண்டு கம்ப்ரஸர் இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்புங்க.

3. தேவைக்கு மேல் பெரிசும் வேண்டாம். 30 சதவீதத்துக்கும் குறைவான லோடில் நாள்கணக்கில் ஓடினால் டீசல் முழுசா எரியாது. கரி படிஞ்சு இன்ஜின் கெடும்.

4. டீசலை முன்கூட்டியே கணக்குப் போடுங்க. ஒரு லிட்டருக்கு 3 முதல் 3.5 யூனிட் கிடைக்கும். 11 கிலோவாட்டை 8 மணி நேரம் ஓட்ட 25 முதல் 30 லிட்டர் கையிருப்பு வேணும். கரண்ட் இல்லாத நேரத்தில் அறைக் கதவைத் தேவையில்லாமல் திறக்காதீங்க, டீசல் மிச்சமாகும்.

5. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைக்கவே கூடாது. உங்க ஜெனரேட்டர் கரண்ட் ஈபி லைனில் ஏறினால், கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேன் உயிர் போகும். எர்த் குழிகளை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்தே போடுங்க.

6. கம்ப்ரஸருக்கு மூச்சுவிட நேரம் கொடுங்க. நின்ற கம்ப்ரஸரை உடனே கிளப்பாமல் 3 முதல் 5 நிமிடம் தாமதிக்க டைமர் வைங்க. ஜெனரேட்டரின் மூணு ஃபேஸும் ஈபி வரிசையிலேயே இருக்கான்னு பாருங்க. மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும்.

7. சான்றும் பராமரிப்பும். 2023 ஜூலை முதல் புது ஜெனரேட்டர்களுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் (சிபிசிபி) 4 பிளஸ் புகை விதி வந்தாச்சு. அந்தச் சான்று இருக்கான்னு பாருங்க. நம்ம ஊரில் ஆடிக் காத்துக்குப் புழுதி பறக்கும், அதனால் ஏர் ஃபில்டரை அடிக்கடி சுத்தம் பண்ணுங்க. வாரம் ஒருநாள் லோடு போட்டே ஓட்டிப் பாருங்க. அவசரத்தில் ஜெனரேட்டர் கிளம்பாமல் போக பெரும்பாலும் பேட்டரிதான் காரணம்.

விலையை மூணு இடத்தில் விசாரிங்க. முழுப் பணத்தைக் கொடுக்கும் முன், உங்க கம்ப்ரஸரையே அதில் கிளப்பிக் காட்டச் சொல்லுங்க. திணறாமல் எடுத்தால் மட்டும் வாங்குங்க.