விரலில் வந்து அமரும் நம்பிக்கை

வீட்டிற்குப் புதிதாக வந்த பறவையைக் கையில் எடுத்துக் கொஞ்ச வேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இருக்காது? கூண்டைத் திறந்து, கையை உள்ளே விடுகிறோம். பறவை மூலைக்கு மூலை பறந்து இறக்கைகளை அடித்துக்கொள்கிறது. ஒருவழியாகப் பிடித்தும்விடுகிறோம். அது விரலை ‘நறுக்’ என்று கடிக்கிறது. உடனே, “இது முரட்டுப் பறவை!” என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில், முரட்டுத்தனமாக நடந்துகொண்டது யார்?

பலரும் விரும்பி வளர்க்கும் காக்கட்டீல் கிளியை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிகளே அதன் தாயகம். கொண்டைக்கிளிக் குடும்பத்தில் மிகச் சிறியது அதுதான். வால் நுனிவரை அளந்தால் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். எடையோ 100 கிராம் அளவுதான். காட்டில் பருந்து போன்ற பறவைகள் மேலிருந்து பாய்ந்து அதைப் பிடிக்கும். கூண்டுக்குள் மேலிருந்து இறங்கும் நம் கையும் அதற்குப் பருந்தைப் போலவே தோன்றுகிறது. ஆகவே, அது கடிப்பது கோபத்தால் அன்று, உயிர்ப் பயத்தால்.

காக்கட்டீலின் மனநிலையை அதன் கொண்டையே காட்டிவிடும். கொண்டை செங்குத்தாக நின்றால், அது எதையோ கண்டு திடுக்கிட்டிருக்கிறது அல்லது கூர்ந்து கவனிக்கிறது. கொண்டையைத் தலையோடு ஒட்டவைத்துச் சீறினால், “அருகில் வராதே” என்று பொருள். கொண்டை சற்றே சாய்ந்திருக்க, இறகுகளைக் கோதிக்கொண்டோ ஒற்றைக்காலில் நின்றுகொண்டோ இருந்தால், அது அமைதியாக இருக்கிறது. இந்த மொழியைப் படிக்கத் தெரிந்தவரே பறவையுடன் பழகத் தகுதி பெறுகிறார்.

பழக்கும் முறை எளிது. ஆனால், பொறுமை வேண்டும். முதல் சில நாள்கள் பறவையைத் தொடவே வேண்டாம். கூண்டின் அருகில் அமர்ந்து மெல்லிய குரலில் பேசுங்கள்; பாடம் படியுங்கள். உங்கள் குரல் அதற்குப் பழகட்டும். பிறகு, கம்பிகளின் இடையே ஒரு தினைக்கதிரை நீட்டுங்கள். அது தயங்காமல் கொத்தித் தின்னும் நாள் வந்ததும், கதிரைப் பிடித்த கையைக் கதவு வழியாக மெதுவாக உள்ளே கொண்டு செல்லுங்கள். பறவை பின்வாங்கினால் நீங்களும் பின்வாங்குங்கள். “வேண்டாம் என்றால் இவர் விட்டுவிடுவார்” என்று அது அறிந்துகொள்வதே நம்பிக்கையின் முதல் படி.

அடுத்து, அதன் கால்களுக்குச் சற்று மேலே, அடிவயிற்றின் அருகில் உங்கள் விரலை ஒரு கிளையைப் போல அசையாமல் நீட்டுங்கள். ஒருநாள் அது ஒரு காலை எடுத்து வைக்கும், உடனே எடுத்தும்விடும். மறுநாள் இரண்டு கால்களையும் வைக்கும். நாளுக்குப் பத்து நிமிடப் பயிற்சி போதும். சில பறவைகள் சில வாரங்களில் பழகிவிடும். சிலவற்றுக்கு மாதங்கள் ஆகலாம். இடையில் ஒருமுறை அவசரப்பட்டுப் பிடித்துவிட்டால், மீண்டும் தினைக்கதிரிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

நம்பி வந்த பறவையைக் காப்பதும் நம் கடமை. கூண்டைத் திறக்கும் முன் சன்னல்களை மூடி, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். உணவு ஒட்டாத பூச்சுள்ள சட்டி அளவுக்கு மீறிச் சூடேறினால் வெளிவரும் புகை பறவையின் உயிரையே பறித்துவிடும். ஆகவே, கூண்டைச் சமையலறையில் வைக்கக்கூடாது. இரவில் திடீர் ஓசை கேட்டால் காக்கட்டீல் மிரண்டு, இருட்டில் கம்பிகளில் மோதிக்கொள்வதுண்டு. அருகில் ஒரு சிறு விளக்கு எரிந்தால் அந்த அச்சம் குறையும்.

நன்கு பராமரித்தால் காக்கட்டீல் 15 முதல் 20 ஆண்டுகள்வரை வாழும். உயர்நிலை ஒன்றில் நீங்கள் வாங்கும் பறவை, நீங்கள் வேலைக்குச் சென்ற பிறகும் உங்களை எதிர்பார்த்துக் கூண்டில் காத்திருக்கும். அத்தனை ஆண்டுகள் அதைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்பதை வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

பறவையைப் பிடிக்க ஒரு நொடி போதும். ஆனால், பறந்து செல்லக்கூடிய ஒன்று, பறக்காமல் தானாக வந்து நம் விரலில் அமர்வதற்கு நாம்தான் காத்திருக்க வேண்டும். மனிதர்களிடம் நட்புக் கொள்வதும் இப்படித்தான் அல்லவா?

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. பறவை கடிப்பதற்கு அச்சமே காரணம் என்று கட்டுரை எவ்வாறு விளக்குகிறது?
2. “பறவை பின்வாங்கினால் நீங்களும் பின்வாங்குங்கள்.” இதனால் ஏற்படும் பயன் என்ன?
3. நண்பர் ஒருவரின் நம்பிக்கையை நீங்கள் இழந்த அல்லது மீண்டும் பெற்ற அனுபவத்தை வகுப்பில் பகிர்ந்துகொள்க.